நெல்லிச் சாரத்தில் செல் சாகிறது, ரீடர் மட்டும் 140% உயிர் என்கிறது. எம்டிடி குழப்பம், உதவுங்கள்

வைகைக்கரை
வணக்கம். மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. மூன்று வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஹெப் ஜி 2 கல்லீரல் புற்றுச் செல்கள் மீது நெல்லிக்காய்ச் சாரம், இதுதான் வேலை. மாட்டுத்தாவணியில் வாங்கிய காயைக் கொட்டை நீக்கி, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்தேன். வடித்து ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் வற்றவைத்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று மிஞ்சியது. அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, மீடியத்தில் (செல் வளரும் ஊட்டக் கரைசல்) கலந்து, 0.22 மைக்ரானில் வடிகட்டினேன்.

96 குழி பிளேட், குழிக்கு 8,000 செல். ஒருநாள் ஒட்டவிட்டு, மில்லிலிட்டருக்கு 12.5 முதல் 400 மைக்ரோகிராம் வரை ஆறு அளவுகளில் சாரம். 24 மணி நேரம் கழித்து எம்டிடி (எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று நிறத்தை வைத்துச் சொல்லும் சோதனை), நான்கு மணி நேரம் இருட்டில், பிறகு டிஎம்எஸ்ஓவில் கரைத்து, நிறத்தை அளக்கும் பிளேட் ரீடரில் 570 நானோமீட்டரில் ரீடிங்.

மைக்ராஸ்கோப்பில் 200, 400 குழிகளைப் பார்த்தால் செல்கள் உருண்டு மிதக்கின்றன. சந்தேகமே இல்லை, செத்துவிட்டன. ரீடரோ 200இல் 115%, 400இல் 140% உயிர் என்கிறது. மூன்று முறை செய்தும் அதேதான். செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைகோபிளாஸ்மா பாக்டீரியாவாக இருக்குமோ என்று இரவில் தூக்கம் வரவில்லை.

பைபெட்பாண்டி
முதலில் சில்லறை விஷயங்கள். குமிழி இருந்ததா? டிஎம்எஸ்ஓ கடைசியில் எத்தனை சதவீதம்? சாரம் இல்லாமல் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழி இருக்கிறதா? ஓரக் குழிகளிலும் செல் போட்டீர்களா? இந்த வெயிலில் இன்குபேட்டர் கதவை நாலு பேர் மாறி மாறித் திறந்தால், அதுவும் தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடந்தால், ஓர வரிசை வற்றிப்போகும். நான் அந்த 36 ஓரக் குழிகளிலும் பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) ஊற்றிவிட்டு நடுவில் இருக்கும் 60இல்தான் வேலை செய்வேன்.

வைகைக்கரை
குமிழி இல்லை. டிஎம்எஸ்ஓ 0.5%, அது மட்டும் போட்ட குழி இருக்கிறது, அதில் செல்கள் நன்றாகவே இருக்கின்றன. ஓரக் குழிகளில் செல் போட்டிருந்தேன், அது என் தப்பு. ஆனால் 400 நடு வரிசையில்தான் இருந்தது.

தெப்பக்குளத்தான்
இதில் என்ன குழப்பம்? அதியமான் அவ்வைக்குக் கொடுத்தது எதற்காக? நெல்லி தின்றால் ஆயுள் கூடும். உங்கள் செல்லுக்கும் கூடியிருக்கிறது!

பைபெட்பாண்டி
அவ்வை மிதக்கவில்லையே சாமி.

நாகமலை
தங்கச்சி, ஒரு கேள்வி. எம்டிடி போட்ட உடனே, அதாவது நான்கு மணி நேரம் ஆகும் முன்பே, 400 குழிகள் நிறம் மாறினவா? யோசித்துச் சொல்லுங்கள்.

எம்டிடி மஞ்சள் நிற டெட்ரசோலியம் உப்பு. உயிருள்ள செல்லுக்குள் டிஹைட்ரஜனேஸ் நொதிகள் நடத்தும் வேலையில் அதற்கு எலக்ட்ரான் கிடைக்கும், ஊதா நிற ஃபார்மசானாகப் படியும். 1983இல் மோஸ்மன் இந்த முறையை வெளியிட்டதிலிருந்து ஊதா என்றால் உயிர் என்றே எல்லோரும் படித்துவிட்டோம். ஆனால் எலக்ட்ரானை யார் கொடுக்கிறார்கள் என்று எம்டிடி பார்க்காது. செல் கொடுத்தாலும் வாங்கும், வைட்டமின் சி கொடுத்தாலும் வாங்கும். உங்கள் பாகில் வைட்டமின் சி, காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், டானின் என்று கொடுக்கிற கை நிறைய இருக்கிறது. ஆன்டி ஆக்சிடன்ட் என்று நாம் பெருமையாகச் சொல்வதே அந்தக் குணத்தைத்தான்.

பத்து ரூபாய் செலவில்லாத சோதனை: செல்லே இல்லாத பிளேட்டில் மீடியம், அதே ஆறு அளவு சாரம், எம்டிடி. 37 டிகிரியில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குழியில் வெறும் வைட்டமின் சி.

அப்புறம், எந்த நெல்லி? பெருநெல்லியா, அரைநெல்லியா? இரண்டும் ஒரே பேரினம், ஃபில்லாந்தஸ். கீழாநெல்லியும் அதே வீட்டுப் பிள்ளைதான். சந்தையில் வாங்கிய காய்க்கு அடையாளச் சான்று வாங்கிவிட்டீர்களா? திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்துக்கோ (உலர் தாவரச் சேமிப்பகம்) கோவை தாவரவியல் ஆய்வு மையத்துக்கோ ஒரு கிளையோடு போங்கள். வெறும் காயைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; இலையும் பூவும் வேண்டும்.

வைகைக்கரை
பெருநெல்லிதான் அண்ணே. சான்று இன்னும் வாங்கவில்லை. நிறம் மாறியதா என்று கவனிக்கவில்லை. ஃபாயிலில் சுற்றி உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். இன்று மதியம் செல் இல்லாமல் போட்டுப் பார்க்கிறேன்.

வைகைக்கரை
போட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 400இல் ஊதா, கண்ணுக்கே தெரிகிறது. 200 கொஞ்சம் வெளிறிய ஊதா. வைட்டமின் சி குழி கத்தரிக்காய் நிறம். டிஎம்எஸ்ஓ குழி மஞ்சளாகவே இருக்கிறது. ஒரு செல்கூட இல்லாத பிளேட்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆறு பிளேட் எம்டிடியை வீணாக்கியிருக்கிறேன்.

செல் இல்லாத குழியின் அளவை செல் உள்ள குழியிலிருந்து கழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

நாகமலை
கழிக்காதீர்கள். 24 மணி நேரம் செல்லோடு கிடந்த சாரமும், இப்போதுதான் ஊற்றிய சாரமும் ஒன்றல்ல. செல் எவ்வளவை உள்ளே இழுத்தது, எவ்வளவு காற்றில் கெட்டது என்று தெரியாமல் கழித்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சாரத்தை உறிஞ்சி எடுத்து, வெதுவெதுப்பான பிபிஎஸில் இரண்டு முறை மெதுவாகக் கழுவி, புது மீடியத்தில் எம்டிடி போடுங்கள். மிதப்பவை கழுவலில் போய்விடும், அது பரவாயில்லை. கூடவே நிறம் வேறு வழியில் வருகிற ஒரு முறையும் வேண்டும். நான் எஸ்ஆர்பி, அதாவது சல்ஃபோரோடமின் பி சோதனை செய்வேன். டிசிஏ அமிலம் ஊற்றிக் குளிரில் செல்லை நிலைநிறுத்தி, சல்ஃபோரோடமின் பி சாயம், 1% அசெட்டிக் அமிலத்தில் கழுவல், டிரிஸ் கரைசலில் கரைத்து 540இல் ரீடிங். சாயம் புரதத்தைப் பிடிக்கிறது, எலக்ட்ரான் வியாபாரம் இல்லை. ஆனால் டானின், மீடியத்தில் கலந்த சீரத்தில் இருக்கும் புரதத்தையும் திரித்துக் குழியடியில் படியவைக்கும், அதையும் சாயம் பிடிக்கும். அதனால் அங்கேயும் செல் இல்லாத குழி கட்டாயம்.

செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலத்தில் எண்ணினால் மிதப்பவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். ஒட்டியிருப்பதை மட்டும் எண்ணினால் செத்ததெல்லாம் கணக்கிலிருந்து தப்பித்துவிடும்.

தெப்பக்குளத்தான்
அப்படியென்றால் மூலிகை ஆய்வெல்லாம் கண்கட்டு வித்தையா?

நாகமலை
அப்படி யார் சொன்னது? நித்தியகல்யாணியைக் கேளுங்கள், நம் ஊரில் சுடுகாட்டுப் பூ என்பார்களே. அதிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இன்றும் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. டியூபுலினைப் பிடித்துக்கொண்டு, செல் பிரியும்போது கதிர் இழை கட்டவிடாது. செல் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அது தனியாகப் பிரித்த பொருள், பிடிக்கிற இடமும் தெரியும். நம் பாகில் எது என்ன செய்கிறது என்று இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

ஆய்வகத்தம்பி
ஒன்று சேர்க்கலாமா? அக்கா, 400 குழியில் மீடியம் மறுநாள் பழுப்பாக மாறியதா? மாறியிருந்தால் செல் செத்த காரணத்தையும் சந்தேகப்பட வேண்டும். காலிக் அமிலம் மாதிரியான பாலிஃபீனால்கள் மீடியத்தில், 7.4 பிஎச்சில், காற்று பட்டுத் தானாகவே ஆக்சிஜனேற்றம் ஆகும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது செல்லைக் கொல்லும், பெயர் நெல்லிக்குப் போகும். நான் தேயிலைச் சாரத்தில் ஒரு வருடம் இப்படி ஏமாந்தேன்.

கேட்டலேஸ் நொதி போடுங்கள், மில்லிலிட்டருக்கு 100 யூனிட்டில் தொடங்கலாம். பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். இன்னொரு வரிசையில் ஒப்பிட்டுப் பார்க்க, பத்து நிமிடம் கொதிக்கவைத்து வேலை செய்யாமல் ஆக்கிய கேட்டலேஸ். உங்கள் மீடியத்தில் சோடியம் பைருவேட் இருக்கிறதா என்றும் பாட்டிலில் பாருங்கள். பைருவேட் பெராக்சைடை விழுங்கிவிடும். ஒரே சாரம் ஒரு லேபில் கொல்லும், இன்னொரு லேபில் கொல்லாது என்பதற்கு இது ஒரு காரணம்.

வைகைக்கரை
ஐயோ தம்பி, பழுப்புதான். பால் குறைந்த காபி மாதிரி. சாரத்தின் நிறம் என்று நினைத்தேன், ஆனால் ஊற்றும்போது அவ்வளவு இல்லை. பாட்டிலைப் பார்த்தேன், பைருவேட் இல்லாதது. அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் லேப் பூட்டு, செல்களை உறையவைத்துவிட்டுப் போகிறேன். வந்து செய்கிறேன்.

வைகைக்கரை
வந்துவிட்டேன். உறைந்த செல்லை எழுப்பி, இரண்டு பாஸேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்ப்பது) ஆனபிறகு போட்டேன்.

கேட்டலேஸ் போட்ட வரிசையில், 200இல் செல்கள் தரையைப் பிடித்துக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கின்றன. கொதிக்கவைத்த கேட்டலேஸ் வரிசையில் பழையபடி மிதக்கின்றன. எஸ்ஆர்பியும் அதையே சொல்கிறது. அதாவது 200இல் நான் பார்த்த சாவு நெல்லியுடையது இல்லை, பெராக்சைடுடையது. கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "போன வருடம் போன பேப்பரில் இதைப் பார்த்தோமா?" என்றார். பார்க்கவில்லை.

ஆனால் 400இல் கேட்டலேஸ் இருந்தும் பாதிக்கு மேல் செத்திருக்கிறது. இது உண்மையான விளைவா?

நாகமலை
சந்தோஷப்படும் முன்பு, 400 கலந்த மீடியத்தின் பிஎச் என்ன? நெல்லி புளிப்பு, அந்தப் புளிப்பே கொன்றிருக்கலாம். ஊற்றிய உடனே மீடியத்தில் இருக்கும் பிஎச் காட்டும் சாயம், ஃபீனால் ரெட், மஞ்சளடித்ததா?

வைகைக்கரை
அளந்தேன். 6.6.

சரி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைக்கப் போகிறேன். 7.4க்குக் கொண்டுவந்து, கேட்டலேஸோடு, நடு 60 குழியில் மட்டும், வியாழக்கிழமை பிளேட்.