வளைகுடாவில் ஒரு இறப்பு நேர்ந்தால்: ராமநாதபுரம் கரையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

புதிதாக வந்த தம்பிகளுக்கு ரூம், மெஸ், சிம் கார்டு, பணம் அனுப்புவது எல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மௌத்தை, அதாவது இறப்பைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தங்கச்சிமடம் பக்கமெல்லாம் சபுரில் (வெளிநாட்டுப் பிழைப்பில்) ஆள் இல்லாத தெரு ஏது? ரூமில் ஒருவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பார்த்தவரை, உடல் வந்துசேரத் தாமதமாவது விமானத்தால் அல்ல. ஊரிலிருந்து வர வேண்டிய காகிதத்தால்தான். சவுதியில் வாரிசுகள் கையெழுத்துப் போட்டு நோட்டரி சான்று பெற்ற பவர் பத்திரம் இல்லாமல் வேலை நகராது. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்குவதா, யார் முன்நின்று செய்வது என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். மனைவி ஒன்று சொல்ல, அண்ணன் வேறு ஆளுக்கு இன்னொரு கடிதம் அனுப்பினால் தூதரகம் எதை எடுத்துக்கொள்ளும்? குடும்பம் முதல் நாளே உட்கார்ந்து ஒரே ஆளை முடிவு செய்ய வேண்டும். ஜமாஅத்தோ ஊர்ப் பெரியவர்களோ இதில் உதவினால் நல்லது. அவர்களே முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு பயமும் உண்டு. "பாடியை வாங்கிவிட்டால் கம்பெனி பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்காது" என்று யாரோ கிளப்பிவிட, வீட்டார் கையெழுத்துப் போடாமல் இருந்துவிடுவார்கள். உடல் மார்ச்சுவரியிலேயே கிடக்கும். இரண்டும் வேறு வேறு. உடல் வந்த பிறகும் சம்பளப் பாக்கி, சர்வீஸ் பணம் (வேலை முடியும்போது தரும் பணிக்கொடை), விபத்து இழப்பீடு எல்லாவற்றையும் தூதரகம் மூலம் கேட்கலாம். சவுதியிலிருந்து வரும் இழப்பீடு பல நேரம் கலெக்டர் அலுவலகம் வழியாகத்தான் வாரிசுகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் "எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிய தாளில் மட்டும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காகிதங்களின் வரிசை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். பொதுவாக ஆஸ்பத்திரி அறிக்கை, போலீஸ் அனுமதி, அந்நாட்டு இறப்புச் சான்றிதழ், அப்புறம் நம் தூதரகத்தில் இறப்புப் பதிவு, பாஸ்போர்ட் ரத்து, தடையில்லாச் சான்று. அதற்குப் பிறகுதான் எம்பாமிங் (உடல் கெடாமல் மருந்து ஏற்றுவது), பெட்டி, கார்கோ புக்கிங். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். யாரைப் பிடித்தாலும் அதைத் தாண்ட முடியாது.

செலவு யார் தலையில்? சவுதி, கத்தார், அமீரகச் சட்டங்கள் முதலாளி தலையில்தான் வைக்கின்றன. கபில் (விசா கொடுத்த முதலாளி) கையை விரித்தாலும், ஹுரூப் ஆகி, அதாவது ஓடிப்போனவர் என்று கபில் புகார் கொடுத்து, கல்லிவல்லியாக (முறையான விசா இல்லாமல்) இருந்தவர் இறந்தாலும், இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இருக்கும் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். வசதியில்லாதவர்களுக்கான நிதி அது. விசா இல்லையே என்று பயந்து ரூம்காரர்கள் ஒளிந்துகொண்டால் உடல் அநாதையாகிவிடும். ஊரிலிருந்து இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) இணையதளத்தில் புகார் பதியலாம், கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், தமிழக அரசின் அயலகத் தமிழர் துறைக்கும் எழுதலாம். எதிலும் பாஸ்போர்ட் எண்ணும் கம்பெனி பெயரும் இருக்க வேண்டும்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும். சாகுல் ஹமீது ஒரு இடத்தில் ஒரு சொல், இன்னொரு இடத்தில் இரண்டு சொல். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் மனைவி பெயரே இருக்காது. அப்போது உறவை நிரூபிக்க தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ் வரை போக வேண்டியிருக்கும். இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கொண்டுவரத்தான் வேண்டுமா என்பது அவரவர் மனசு. முஸ்லிம் குடும்பங்கள் பலவும் எம்பாமிங் வேண்டாம், சீக்கிரம் அடக்குவதே முறை என்று அங்கேயே ஜனாஸா (இறுதித் தொழுகை) தொழுது முடித்துவிடுகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. முகத்தையாவது பார்க்கணும் என்று அழும் தாயிடம் அதைச் சொல்வதுதான் கடினம். இந்துக்களுக்குத் துபாயில் ஜெபல் அலியில் தகன மேடை உண்டு. தகனச் சான்றிதழும் தூதரகக் கடிதமும் வைத்து அஸ்தியை விமானத்தில் கொண்டுவரலாம். நாடெங்கும் இருந்து காரியம் செய்ய வரும் ராமேஸ்வரமும் தேவிபட்டினமும் நமக்கு வாசலில். சவுதியில் தகனம் கிடையாது, உடலைத்தான் அனுப்ப வேண்டும். தங்கச்சிமடம், பாம்பன் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெட்டி வந்தால்தான் கல்லறை என்று காத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

விமானம் மதுரைக்கோ திருச்சிக்கோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சென்னையில் இறங்கினால் ராமநாதபுரத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் வர வேண்டும். உடல் பயணிகள் வாசலில் வராது, கார்கோ பக்கம் போகணும். ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டில்) பெறுபவராக யார் பெயர் இருக்கிறதோ அவரே அடையாள அட்டையோடு நிற்க வேண்டும். விமான நிலைய சுகாதார அதிகாரியின் அனுமதிக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-கேர் என்ற இணையதளம் இருக்கிறது. பெட்டி ஏறிய உடனே பில் எண்ணை வாங்கிவிடுங்கள். பெட்டி நீளம், கனமும் அதிகம். பெரிய வண்டியும் தூக்க ஆறு ஆளும் வேண்டும்.

தூதரகம் தரும் இறப்புப் பதிவுச் சான்றிதழ் பின்னால் பட்டா, வங்கி, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் கேட்கப்படும். பத்தாவது முடிக்காமல் குடியேற்ற அனுமதி வாங்கி வந்தவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா பாலிசி கட்டாயம். விபத்தில் இறந்தால் 10 லட்சம். ஏஜெண்ட் போட்டுக்கொடுத்திருப்பார், ஆனால் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை லீவில் பாலிசித் தாள், பாஸ்போர்ட், இக்காமா (அந்நாட்டு வசிப்பு அட்டை), கம்பெனி மன்தூப் (அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் ஆள்) நம்பர் நான்கையும் படம் எடுத்து மனைவிக்கோ அம்மாவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.