4ஆர் படமும் பள்ளி ஃபோலியோவும்: வீட்டுக்கு எந்த பிரிண்டர்?

செம்பனை_சிப்புட் கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு ஒரு மூன்று-வேலை பிரிண்டர் (அச்சு, ஸ்கேன், நகல்) வேண்டும். மாதம் 30 படம் 4ஆர் (4 × 6 அங்குலம்) அளவில், பிள்ளைகளின் பள்ளி ஃபோலியோ 60 பக்கம் போல, அவ்வப்போது ஐசி (அடையாள அட்டை) நகல். தோட்டக் காலத்துக் கருப்பு வெள்ளைப் படங்களையும் ஸ்கேன் செய்து பெரிதாக எடுக்கணும். மனதில் இருப்பவை: மலிவான இரண்டு கேட்ரிஜ் பிரிண்டர், இல்லையென்றால் குப்பியிலிருந்து மை ஊற்றும் மைத்தொட்டி பிரிண்டர்களான எப்சன் எல்3250, கெனான் ஜி3020. முகம் இயல்பாக வரணும், மைச் செலவும் கட்டுப்படியாகணும்.

மைத்துளி:

மாதம் 30 படம் என்றால் கேட்ரிஜ் வேண்டாங்க. பிரிண்டர் விலை குறைவு, ஆனால் சாதாரண அளவு கேட்ரிஜ் பல 200 பக்கம்கூடத் தாண்டாது. அதுவும் ஐ.எஸ்.ஓ. 24712 என்ற பொதுத் தரச் சோதனைப் பக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு; அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி வெள்ளைத் தாள்தான். படத்தில் மூலை வரை மை நிற்கும், கணக்கு அடிபட்டுப் போகும். மூன்று நிறமும் ஒரே கேட்ரிஜில் இருப்பதால் ஒரு நிறம் தீர்ந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போடணும்.

மைத்தொட்டி இரண்டில் எது என்பதற்கு மையின் வகையைப் பாருங்க. எல்3250 எடுக்கும் 003 மை (குப்பிக்கு 65 மி.லி.) நான்குமே சாய மை (நிறம் நீரில் கரைந்திருக்கும்). ஜி3020 எடுக்கும் ஜிஐ-71 மையில் கறுப்பு மட்டும் நிறமித்துகள் மை (நிறம் கரையாத துகளாக மிதக்கும்). எழுத்துக்கு அது அருமை, சாதாரணத் தாளில் கறுகறுவென்று கூர்மையாக நிற்கும். ஆனால் பளபளப்பான ஃபோட்டோ தாளின் மேல்பூச்சுக்குள் அது இறங்காது. அதனால் ஃபோட்டோ தாள் என்று தேர்ந்தெடுத்ததும் பிரிண்டர் கறுப்பை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பாக்கும். தலைமுடியிலும் கறுப்புச் சேலையிலும் லேசாகப் பழுப்போ பச்சையோ தட்டுவது அதனால்தான். கருப்பு வெள்ளைப் படத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஃபோலியோ அதிகமென்றால் ஜி3020. படம்தான் முக்கியமென்றால் எல்3250, என் கணிப்பு இதுதான். ஆனால் ஒன்று: எல்3250 ஓரமில்லாமல் அடிப்பது 4ஆர் வரைதான், ஜி3020 ஏ4 வரை அடிக்கும்.

வாங்கும் முன் கடையின் காட்சி பிரிண்டரில் ஒரு 4ஆர் அடித்துக் காட்டச் சொல்லுங்க. பென்டிரைவில் முகமும் கறுப்பு முடியும் வெளிர்நீல வானமும் உள்ள ஒரே படம் போதும். கடைவாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்க. குழல் விளக்கில் சரியாகத் தெரிந்த தோல்நிறம் வெயிலில் சிவந்திருக்கும். வானத்தில் குறுக்குக் கோடு தெரிந்தால் மைத்துளை அடைப்பு, நாசில் செக் (துளைச் சோதனைப் பக்கம்) அடித்தால் எந்த நிறம் விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும்.

ஈப்போவில் வாங்கினால் மையைக் கடையில் ஊற்றவிடாதீங்க. ஊற்றியபின் காரில் சாய்ந்தால் உள்ளே கசியும். வீட்டில் சமதளத்தில் வைத்து ஊற்றுங்க. முதல் தடவை மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும், முதல் குப்பி சீக்கிரம் இறங்குதே என்று பயப்பட வேண்டாம்.

காகிதக்காரர்:

பாதிப் பேர் பிரிண்டரைக் குறை சொல்வது தாளால்தான். கடையில் ‘லேசர்’ என்று போட்டிருக்கும் பளபளப்புத் தாளை வாங்கவே கூடாது. மை குடிக்காமல் முத்து முத்தாக நிற்கும், விரல் பட்டால் இழுபடும். இங்க்ஜெட் ஃபோட்டோ தாள், கனம் 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேல், கொஞ்சம் விலை கூடினாலும் ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) வகை. பூச்சுள்ள பக்கம் எதென்று சந்தேகமானால் ஈரவிரலை மூலையில் வையுங்க, ஒட்டும் பக்கம்தான் அச்சுப் பக்கம்.

அடிக்கும்போது தாள் வகையில் ‘கிளாஸி’ என்று மாற்றணும். ‘பிளெயின்’ என்றே விட்டால் மை அளவும் நிறமும் இரண்டும் கெடும்.

செல்பேசிப் படம் 4:3, 4ஆர் 3:2. ஓரமில்லாமல் அடித்தால் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும், குழுப் படத்தில் தலை போகும். முதலில் 3:2க்கு நீங்களே வெட்டிவிட்டு அனுப்புங்க.

நம்ம ஊர் ஈரத்தில் தாள் சுருளும். பாக்கெட்டைத் திறந்ததும் மிச்சத்தை ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடணும். அடித்த படத்தை 24 மணி நேரம் ஆறவிட்டுத்தான் கண்ணாடிச் சட்டத்தில் போடணும், இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய படம்: 3ஆர் (3.5 × 5 அங்குலம்) படத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2100 × 3000 புள்ளி கிடைக்கும். 7 × 10 அங்குலம் வரை தெளிவாக வரும். அதற்கு மேல் டி.பி.ஐ. ஏற்றினால் பழைய படத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும்.

மைத்துளி:

பராமரிப்பு விட்டுப்போச்சு. அணைக்கும்போது பிரிண்டரின் பொத்தானை அழுத்தி, அச்சுத்தலை (மை தெளிக்கும் பகுதி) ஓரத்தில் போய் மூடிக்கொண்ட பிறகுதான் சுவர் சுவிட்ச். நேரே சுவிட்சை அணைத்தால் தலை திறந்தே நிற்கும், மை காயும். இடி மழைக்கு பிளக்கையே பிடுங்குங்க. வாரம் ஒரு தடவை வண்ணப் பக்கம் ஒன்று அடித்தால் அடைப்பு வராது. ஹெட் கிளீனிங்கை அடுக்கடுக்காகப் போடக் கூடாது. இரண்டு தடவையில் சரியாகாவிட்டால் அரை நாளாவது சும்மா விட்டுப் பாருங்க. கழுவிய மையெல்லாம் கழிவுப் பஞ்சுக்குப் போகும். ஜி3020இல் அந்தப் பஞ்சு இருக்கும் எம்சி-ஜி02 பெட்டியை நீங்களே மாற்றலாம், எல்3250க்கு சர்வீஸ் கடை வேண்டும்.

எறும்பும் பல்லியும் உள்ளே போகாமல் துணி போட்டு மூடி வையுங்க. தலை ஓடும் பாதையில் ஒரு மெல்லிய ஒளிபுகும் பட்டை இருக்கும். அதில் அழுக்குப் பட்டால் தலை ஓரத்தில் போய் இடிக்கும், எழுத்து இரட்டையாக விழும். பஞ்சு உதிராத துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

செம்பனை_சிப்புட்:

நன்றிண்ணா. எல்3250 எடுக்கிறேன். பாஸ்போர்ட் படம் 4ஆர் தாளில் எத்தனை வரும்?

காகிதக்காரர்:

மலேசியப் பாஸ்போர்ட் படம் 35 × 50 மி.மீ. ஓரமில்லாமல் அடிக்க வேண்டாம், அதில் பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும், அளவு தப்பும். 3 மி.மீ. ஓரம் விட்டால் 4ஆரில் நேராக அடுக்க நான்குதான் வரும். ஏ4 ஃபோட்டோ தாளில் ஐந்துக்கு ஐந்தாக 25 வரும். அளவை 100 சதவீதத்தில் வைத்து, முதலில் சாதாரணத் தாளில் ஒன்று அடித்து ரூலரால் அளந்து பாருங்க.