மின்சாரக் கார் யாருக்கு எட்டுகிறது? மதுரை வட்டார அனுபவங்கள்

திருநகர் உறுப்பினர்:

இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் பாதிக்கப்பட்ட நான், கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காகவே மின்சாரக் கார் வாங்கினேன்; சுற்றுச்சூழல் எல்லாம் அதற்குப் பிறகுதான். கிளட்ச் இல்லாத பெட்ரோல் கார்களும் கிடைக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் காளவாசலிலும் பழங்காநத்தத்திலும் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாலே வண்டி வேகம் குறைந்து, அந்த இழுவையில் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரமும் திரும்பிவிடுவதால், பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் இடையே கால் அலைவது வெகுவாகக் குறைகிறது. ஒற்றைக் காலை நம்பி ஓட்டுபவருக்கு இது சின்ன வசதி அல்ல.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு செருகினால், காலையில் 24 யூனிட் பேட்டரி நிறைந்திருக்கும். வெளியூர்ப் பயணத்தில்தான் சிக்கல். பெட்ரோல் பங்க்கில் நான் இருக்கையை விட்டு இறங்கியதே கிடையாது; கண்ணாடியை இறக்கித் தொகையைச் சொன்னால், பணியாளர் நிரப்பிவிட்டுப் பணத்தையும் அங்கேயே வந்து வாங்கிக்கொள்வார். சார்ஜிங் நிலையத்தில் அப்படி ஓர் ஆளே இல்லை. திருச்சி நான்குவழிச் சாலையோர உணவகம் ஒன்றில், சார்ஜரை முழங்கால் உயரச் சிமெண்டு மேடையில் நிறுத்தி, வண்டி மோதாதிருக்க முன்னால் இரும்புக் குழாய்களை நெருக்கமாக நட்டிருந்தார்கள். விரைவு சார்ஜரின் கேபிள் தடிமனானது, நல்ல கனம். ஒரு கையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதை இழுத்துவந்து காரில் அழுத்திச் செருக என்னால் இயலாமல், பரிமாறிக்கொண்டிருந்த தம்பியை அழைக்க வேண்டியதாயிற்று. சக்கர நாற்காலியில் வருபவரோ அந்தக் குழாய்களுக்கு இடையே நுழையவே முடியாது. பொது வசதிகள் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்று சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு முளைத்தவைதான் இந்தச் சார்ஜர்கள் என்பதை நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

செல்லூர் உறுப்பினர்:

திருநகர் ஐயாவுக்குக் காரை நிறுத்த வாசலாவது இருக்கிறது. எங்கள் பக்கம் வீட்டுப் படியிறங்கினால் நேராகத் தெருதான். வாடகைக் கார் ஓட்டும் நான், இரண்டு தெரு தள்ளியிருக்கும் காலி மனையில் மாத வாடகைக்கு வண்டியை நிறுத்துகிறேன். அங்கே ஒரு குண்டு பல்புக்கும் இணைப்பு கிடையாது. நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலையாக வசூலிப்பவர். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு வாரியம் 8 ரூபாய்க்கும் கூடுதலாக வாங்குவதால், காருக்கு மின்சாரம் என்று நான் பேச்செடுத்ததுமே கையை விரித்துவிட்டார். பொது சார்ஜரையே நம்பி ஓட்டலாம் என்றால், சவாரிக்கு நடுவே காத்திருக்கும் நேரத்துக்கு எனக்கு யார் கூலி தருவார்கள்?

மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, எங்களைப் போன்றோர் பார்க்கும் விலையில் அந்த ஆதாயம் பாதி கரைந்துவிட்டது. மின்சார வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகைக் கார்களுக்குக் கிடைத்த மானியமும் 2024 மார்ச்சோடு முடிந்தது. அதன்பின் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார்களுக்கு இடமே இல்லை.

அனுப்பானடி உறுப்பினர்:

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், புகையே இல்லாத வண்டி என்ற பேச்சைக் கேட்டால் எனக்குத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தான் நினைவுக்கு வருகின்றன. மாசி வீதியில் விடாத புகையை அங்கே விடுகிறோம். இருந்தாலும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சிறிய மின்சாரக் கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 100 கிராம் ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, நகரத்தில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் என்றால் கிலோமீட்டருக்கு 150 கிராமுக்குச் சற்று மேல். ஆக, மிச்சம் 50 கிராம். ஆனால் 24 யூனிட் பேட்டரியைத் தயாரிக்கும்போதே ஏறத்தாழ 2 டன் வெளியாகிவிடுவதால், அந்தக் கடனை அடைக்கவே சுமார் 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழகர்கோயில் போய் வருபவரின் கார் பல ஆண்டுகள் கடனிலேயே கிடக்கும். செல்லூர்த் தம்பியின் வாடகைக் காரோ மின்சாரத்துக்கு மாறினால் ஓராண்டிலேயே கடனை அடைத்துவிடும். சார்ஜ் செய்ய வாசல் யாருக்கு வாய்த்திருக்கிறது என்று பார்த்தால், நிலைமை நேர்த் தலைகீழாக இருக்கிறது!

எந்த நேரத்தில் சார்ஜ் செய்கிறோம் என்பதும் முக்கியம். கமுதியில் 2016ஆம் ஆண்டு முதல் இயங்கும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நண்பகலில்தான் முழுவீச்சில் உற்பத்தி செய்கிறது. நாமோ இரவு பத்து மணிக்குச் செருகுகிறோம். ஆடிக்காற்று வீசும் மாதங்களில் கயத்தாறு, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் இரவிலும் சுற்றுவதால் பாதகமில்லை. மார்கழி இரவில் அந்தத் துணையும் போய், பெரும்பாலும் நிலக்கரிதான். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள், விடுமுறை நாள்களிலாவது பகலில் சார்ஜ் செய்யலாம். அலுவலக வாகன நிறுத்துமிடங்களில் சாதாரண 15 ஆம்பியர் பிளக்குகளை வரிசையாக வைத்துவிட்டால், நெடுஞ்சாலை விரைவு சார்ஜர்களைவிட அவைதான் அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

தல்லாகுளம் உறுப்பினர்:

எனக்குப் பார்வை இல்லை. எழுத்தை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் உதவியோடு நீங்கள் எழுதியவற்றைக் கேட்டேன். காரை ஓட்டுபவர்கள் பேசிவிட்டீர்கள், அதன் முன்னால் நடப்பவனாக நானும் சொல்கிறேன். கோரிப்பாளையத்தில் சாலையைக் கடக்கும்போது என்ஜின் சத்தத்தை வைத்தே வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, நிற்கிறதா, கிளம்பப் போகிறதா என்று கணிப்பேன். சற்று வேகமாக வரும் மின்சாரக் காரின் டயர் உரசும் ஒலி கேட்டுவிடும். மெதுவாக வரும்போதும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும்தான் ஒன்றுமே தெரிவதில்லை. பின்னோக்கி வந்த கார் ஒன்று என் வெள்ளைக் கோலைத் தட்டிவிட்ட பிறகுதான் அங்கே ஒரு வண்டி இருப்பதையே அறிந்தேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய மின்சாரக் கார்களும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும். நம் நாட்டில் 2025 செப்டம்பரில் வெளியான வரைவு விதி, புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் முதலும் இதைக் கட்டாயமாக்க முன்மொழிந்தது. கார், பேருந்து, சரக்கு வாகனங்களோடு அந்த வரைவு நின்றுவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் ஒலியில்லாமல் வந்து என்னை உரசிக்கொண்டு போனவை பெரும்பாலும் மின்சார ஸ்கூட்டர்கள்; அவை அந்தப் பட்டியலிலேயே இல்லை.