எஸ்.டி.பி.எம். (மலேசிய ஆறாம் படிவ இறுதித் தேர்வு) பாடவாரி முடிவுகளுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் எடை உண்டா?

பட்டர்வொர்த் அம்மா:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் படிவம் முடித்து, வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றிலும் ஏ பெற்றிருக்கிறாள். பெங்காஜியான் அம் என்னும் பொதுப் பாடத்தில் மட்டும் ஏ மைனஸ், ஆகவே நான்கு பாடங்களின் சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ. 4.00க்கு 3.92. அவள் தோழிக்கும் அதே 3.92தான், ஆனால் அவளுக்கு ஏ மைனஸ் கிடைத்தது வேதியியலில். இருவருமே அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. வழியாகப் பார்மசி படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். பார்மசிக்கு வேதியியல் எவ்வளவு முக்கியம் என்பது நமக்கே தெரியும்போது, இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றாகவே எடைபோடப்படுமா?

ஓய்வுபெற்ற ஆறாம் படிவ ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:
அம்மா, வரிசைப்படுத்தும்போது இருவரும் ஒன்றுதான். தரப்புள்ளி 100இல் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. 4.00 பெற்றவருக்கு 90 முழுதாகக் கிடைக்கும், 3.92 பெற்றவருக்கு 88.2 கிடைக்கும். ஒரே ஒரு ஏ மைனஸ், எந்தப் பாடத்தில் வந்தாலும், 1.8 புள்ளியைக் குறைத்துவிடுகிறது. குறிப்பிட்ட பாடங்களில் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆனால் அது வாசலோடு நின்றுவிடும், உள்ளே வரிசையில் யார் முன் யார் பின் என்பதை அது சொல்வதில்லை. துறைக்கு உயிரான பாடத்துக்குக் கூடுதல் எடை தரவேண்டும் என்பதே என் நெடுநாள் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 4.00 பெற்றவர்கள் பலர் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது, அந்தப் பத்துப் புள்ளிதான் தீர்மானிக்கிறது. என்னிடம் படித்த ஒரு மாணவனின் மாநில அளவிலான சிலம்பப் போட்டிச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பள்ளியின் பதிவில் அது ஏறவே இல்லை. உங்கள் மகளின் புறப்பாடப் புள்ளி எவ்வளவு என்று பள்ளியில் கேட்டு, சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெட்ரிக் முடித்தவன், செந்தூல்:
ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இன்னொரு படிப்பான மெட்ரிகுலேஷனின் 4.00ஐயும் எஸ்.டி.பி.எம்.மின் 4.00ஐயும் ஒரே அளவுகோலில் வைப்பதையும் பேச வேண்டும். நான் ஓராண்டில் இரண்டு பருவங்கள் படித்தேன். ஆறாம் படிவத்தாரோ மூன்று தவணைத் தேர்வுகளை எழுதுகிறார்கள். தேர்வை நடத்தும் அமைப்பும் வேறு, பாடத்திட்டமும் வேறு. எது கடினம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, ஏனெனில் எங்கள் வேகத்தில் ஓடியவர்களுக்குத்தான் அந்த மூச்சிரைப்பு தெரியும். ஆயினும் தனித்தனியாக நடந்த இரண்டு தேர்வுகளின் எண்களை அப்படியே அருகருகே வைப்பது, கிலோவையும் பழைய எடையளவான காத்தியையும் ஒரே தட்டில் நிறுப்பது போன்றது.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பின்னுள்ள வழிகளிலும் இப்படி ஒரு சிக்கல் வந்தது. 10 ஏ பெற்ற அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிக் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். மறு ஆண்டே ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்றானபோது எத்தனை வீடுகளில் கலக்கம் ஏற்பட்டது!

பட்டர்வொர்த் அம்மா:
விளக்கிய இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கோப்பைத் திறந்து பார்த்தேன். மாவட்டப் பேச்சுப்போட்டிச் சான்றிதழ் ஒன்று மேலே இருந்தது. நாளைக் காலை பள்ளிக்குப் போகிறேன். ஐயா, விண்ணப்பித்து இடம் கிடைக்காவிட்டால், மேல்முறையீட்டில் வேதியியல் தரத்தைச் சுட்டிக்காட்டுவதால் பயன் உண்டா?

ஓய்வுபெற்ற ஆறாம் படிவ ஆசிரியர், ஜார்ஜ்டவுன்:
எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள். பார்மசியோடு நெருங்கிய வேதியியல், உயிரியல் சார்ந்த படிப்புகளையும் விண்ணப்பப் பட்டியலில் இப்போதே இடுங்கள்.