அந்த வெற்றிலைக் காட்சி: உங்கள் வீட்டில் நடந்தது உண்டா? (எழுதியவர்கள் ஊர்ப் பெயரில்)

மஞ்சக்குப்பம்:
படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடைவேளைக்கு முன் வரும் வெற்றிலைக் காட்சி: வெற்றிலையில் தடவிய மையை ஒரு பையன் பார்த்து, தெரிவதைச் சொல்வான். கூட வந்தவர்கள் கொலையாளி யார் என்று வழியெல்லாம் பேசினார்கள். எனக்கு அந்த வெற்றிலையைத் தாண்டிப் போகவே முடியவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் அத்தையின் ஆரம் காணாமல் போனது. போலீஸுக்குப் போனால் மானம் போகும் என்று பெரியப்பா பண்ருட்டிப் பக்கமிருந்து மை போடுகிறவரை அழைத்துவந்தார். தலைச்சன் பிள்ளைதான் பார்க்க வேண்டுமாம். என்னை உட்காரவைத்தார்கள். வெற்றிலையில் கறுப்பு மை, பக்கத்தில் விளக்கு. எனக்குத் தெரிந்தது சுடரின் வெளிச்சம் மட்டும்தான். அவர் விடவில்லை. "ஆம்பளையா பொம்பளையா? நல்லாப் பாரு கண்ணு. புடவை தெரியுதா? பச்சையா?" பச்சை என்ற சொல் அவர் வாயிலிருந்துதான் வந்தது. நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் எல்லாரும் அடுக்களைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கும் அக்கா பச்சைப் புடவையில் நின்றிருந்தார், கையில் சாம்பலோடு. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஆரமும் கிடைக்கவில்லை. படத்தில் அந்தப் பையன் சொல்வது அப்படியே பலிக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

வில்லியனூர்:
மை வேறு, ஓலைச்சுவடி வாசித்துப் பலன் சொல்லும் நாடி ஜோதிடம் வேறு. படத்தில் சாவு நாளைச் சொல்வது ஓலை, அதை இதோடு சேர்க்காதீர்கள். தொழிலில் கூட்டாளி பணத்தோடு போனபிறகு மச்சான் நாடி பார்க்க வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போகலாம் என்றார். துணைக்குப் போனேன். ஆண் என்பதால் வலது கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். கட்டுக்கட்டாக ஓலை. பொருந்தாததைத் தள்ளி, பொருந்தியதைப் பாட்டாக வாசித்தார். மச்சானின் அம்மா பெயர் அதில் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஓர் ஓலையை எடுத்தவர் வாய்க்குள்ளேயே படித்தார். மச்சானை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, "சாந்தி காண்டம் பார்த்துடுங்க" என்றார். பதின்மூன்றாவது காண்டம் அது, பரிகாரம் சொல்வது. வாசிக்காமல் விட்டது என்ன என்று கேட்டோம், பதில் இல்லை. அன்றிலிருந்து மச்சான் இருட்டியபின் வண்டி எடுப்பதில்லை. விதி என்று ஒன்று எழுதியிருக்கிறது, நான் நம்புகிறேன்.

முத்தியால்பேட்டை:
வில்லியனூர் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "அப்பா பெயர் இந்த எழுத்தில் தொடங்குமா?" என்று கேட்டு, இல்லை என்றால் அடுத்த ஓலைக்குப் போகிறார்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு ‘இல்லை’யும் அவர்களுக்குத் தகவல். கடைசியில் நாம் கொடுத்ததே நமக்குப் பாட்டாகத் திரும்பி வருகிறது. மஞ்சக்குப்பத்தில் அந்த ஆள் பச்சையா என்று கேட்டதும் இதே வேலைதான்.

என் அனுபவம் சின்னது. புதுச்சேரிப் பக்கம் மொரட்டாண்டி பிரத்யங்கிரா கோயிலில் அமாவாசை மிளகாய் யாகம், எதிரித் தொல்லை நீங்க மிளகாயைத் தீயில் போடுவது. என் பக்கத்தில் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாமி பெயர் இல்லை, மனிதப் பெயர். வாழ வேண்டும் என்று வேண்டினாரா, ஒழிய வேண்டும் என்றா? அந்த முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

முதுநகர்:
எங்கள் தெருவில் ஒருவர் தோஷம் கழிக்கிறேன் என்று சொம்பில் நகையைப் போட்டுக் கட்டச்சொன்னார். திறந்தபோது உள்ளே கூழாங்கல். அவ்வளவுதான் கதை.

எல்லாருக்கும் சொல்கிறேன்: நகை போனால் முதலில் காவல் நிலையம் போங்கள். எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், சட்டமே அப்படி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 173ஆம் பிரிவைப் பாருங்கள். எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். கடலூரில் தொலைத்துவிட்டுப் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். நகை வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள், போட்டுக்கொண்டு எடுத்த படம் ஒன்று இருக்கட்டும். பூசைக்கு நகையைக் கழற்றிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மண்டலம் முடியும்வரை திறக்காதே என்று சொன்னால், அவர் ஊரைத் தாண்டுவதற்கு நாள் கேட்கிறார் என்று அர்த்தம். வீட்டு வேலைக்கு வருகிறவர்மேல் சந்தேகமா? அதையும் போலீஸ் விசாரிக்கட்டும், நீங்கள் தெருவில் வைத்துப் பேசாதீர்கள்.

வில்லியனூர்:
முதுநகர், எங்களுக்குப் போனது நகை இல்லை. முத்தியால்பேட்டைத் தம்பிக்கு: கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். கேள்வியே கேட்காமல், வாசிக்காமல் கட்டி வைத்தாரே, அது என்ன கணக்கு? பரிகாரத்துக்குப் பணம் வாங்கத்தான் என்பீர்கள். சரி, அதை மச்சானிடம் நீங்களே வந்து சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில்தான் இருப்பார்.