மழைக்காலத்துக்கு முன் களத்தில் இருக்கும் மழைமானிகளை எப்படித் தயார்படுத்துவது?

கார்முகில் எழுதியது:

வணக்கம். டிப்பிங் பக்கெட் மழைமானிகள் ஆறு என் பொறுப்பில் இருக்கின்றன. புனல் வழியே இறங்கும் மழை, இரு பக்கம் உள்ள ஒரு சிறு வாளியில் விழும்; ஒரு பக்கம் நிறைந்ததும் வாளி சாய்ந்து கொட்டும், அந்தச் சாய்வுகளை எண்ணித்தான் மழை அளவு. எல்லாமே ஆளில்லாத இடங்கள். மூன்று இடங்களுக்கு வண்டி போகாது, கடைசி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். புனலின் விட்டம் 200 மி.மீ., வாளி ஒரு முறை சாய்ந்தால் 0.2 மி.மீ. மழை என்று கணக்கு.

போன பருவத்தில் மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பக்கத்து மானி 140 மி.மீ. காட்டியது, என்னுடைய ஒன்று 41தான் காட்டியது. ஆனால் மழை விட்ட பிறகும் ஒரு நாள் முழுக்க, இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று சாய்வுகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. போய்ப் பார்த்தால் புனல் துளையில் சருகும் பறவை எச்சமும் சேர்ந்து களிமண்போல இறுகிக் கிடந்தது. பெருமழை பெய்த நேரத்தில் தரவு இல்லாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

இந்த முறை முன்கூட்டியே எல்லா இடங்களுக்கும் போகப்போகிறேன். என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்? வாளி ஆடும் அச்சில் எண்ணெய் விடச் சொல்கிறார்கள், விடலாமா? அளவைக் களத்திலேயே சரிபார்க்க முடியுமா, கழற்றிக் கொண்டுவர வேண்டுமா?

நீரளவன் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டதில் வரிசைதான் முக்கியம். போனதும் கழுவாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் கழுவுங்கள், கழுவிய பின் மறுபடி அளங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்பத்தில் இடத்துக்குப் போனதும் பிரஷ்ஷைத்தான் முதலில் எடுப்பேன். மானி பளபளவென்று ஆகிவிடும், சோதித்தால் அளவும் சரியாக வரும். நான்கு பருவம் கழித்து ஒருவர் கேட்டார்: "கழுவுவதற்கு முந்தின நாள் வரை இது எவ்வளவு குறைவாக எண்ணியது?" என்னிடம் பதில் இல்லை. அழுக்கோடு சேர்த்து அந்த விவரத்தையும் நானே கழுவிவிட்டிருந்தேன். நான்கு பருவத்துத் தரவையும் எவ்வளவு நம்பலாம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

களத்திலேயே அளக்கலாம். 200 மி.மீ. விட்டப் புனலின் பரப்பு 314 சதுர செ.மீ. அதில் 0.2 மி.மீ. மழை என்றால் 6.28 மில்லி தண்ணீர். ஆக 628 மில்லி ஊற்றினால் 100 சாய்வு வர வேண்டும். அளவுக்குவளையில் 628 மில்லி எடுத்து, அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் ஊற்றிப் புனல் மேல் வைத்துவிடுங்கள். முழுவதும் இறங்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆக வேண்டும். ஒரு மணி நேரத்தில் இறங்கினால் அது மணிக்கு 20 மி.மீ. மழைக்குச் சமம். அவசரப்பட்டு மடமடவென்று ஊற்றினால் எண்ணிக்கை குறையும், ஏனென்றால் வாளி கவிழும் அந்தக் கணத்திலும் தண்ணீர் நிறைந்த பக்கத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். கனமழையில் இந்த வகை மானி குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். புனல் அடைத்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதை நீக்கிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வாளியை மட்டும் தொடாதீர்கள்.

சோதனை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் கையேட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் வெயில் நாளில் 20 மி.மீ. மழை பெய்ததாகத் தரவில் ஏறிவிடும். சாய்வுகளைப் பதிவுசெய்யும் லாகரின் கடிகாரம் சரியா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசி அதில் ஒட்டி அச்சு இன்னும் இறுகும். வாளியின் உட்பக்கத்தை விரலால் தேய்க்கவும் கூடாது. கைப்பிசுக்கு பட்டால் கடைசித் துளிகள் வழியாமல் உள்ளேயே முத்து முத்தாக நின்றுவிடும். மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீரில் அலசல், அவ்வளவு போதும். வாளி இருபுறமும் வந்து அமரும் திருகுகளின் தலையையும் துடையுங்கள். அங்கே ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் வாளி சாயும் அளவு மாறிவிடும்.

சிலந்தியைக் கவனியுங்கள். வாளிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரே ஓர் இழை இருந்தாலும் வாளி தாமதமாகத்தான் சாயும். தண்ணீர் வெளியேறும் அடித்துளைகளில் குளவி கூடு கட்டும். அந்த வலைத்தடுப்பு கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

பிறகு வாளியைக் கையால் மெதுவாகப் பத்து முறை சாய்த்து, லாகரில் பத்து ஏறுகிறதா என்று பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டு வந்தால் ரீட் சுவிட்ச் (வாளியோடு ஆடும் காந்தம் கடக்கும்போது இயங்கும் சுவிட்ச்) ஒரு சாய்வை இரண்டாக எண்ணுகிறது. ஒன்பது வந்தால் காந்தம் நகர்ந்திருக்கலாம், வயர் இணைப்பில் துரு இருக்கலாம். பேட்டரியையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லையும் சொல்லாமலே பார்த்துவிடுவீர்கள்.

ரசமட்டம் வைத்துப் புனல் விளிம்பைக் குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். ஈரத்தில் மண் இளகிக் கம்பம் சாய்ந்திருக்கும். கடைசியாகக் கொஞ்சம் தள்ளி நின்று சுற்றிலும் பாருங்கள். மரமோ புதரோ புனல் விளிம்புக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும், நான்கு மடங்கு என்றால் நல்லது. மானி வைத்த அன்று இடுப்பளவு இருந்த செடி இன்று உங்களைவிட உயரமாக நிற்கும்.

மழை தொடங்க மூன்று நான்கு வாரம் இருக்கும்போது போங்கள். ஏதாவது உடைந்திருந்தால் உதிரியோடு இன்னொரு முறை ஏறி இறங்க நேரம் வேண்டும்.

வெண்பனி எழுதியது:

பனி பெய்யும் இடங்களில் எடை மானி (வாளியில் சேரும் மழையையும் பனியையும் எடைபோட்டு அளப்பது) வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். குளிருக்கு முன் வாளியைக் காலி செய்து, உறையாத் திரவம் ஊற்றி, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் விட வேண்டும். நீர் ஆவியாகாமல் தடுப்பது அந்தப் படலம்தான். உறையாத் திரவமாகப் புரொப்பிலீன் கிளைக்காலை மட்டும் ஊற்றினால் அது தண்ணீரைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும், உருகிய பனி மேலே நின்று மறுபடி உறையும். அதனால்தான் மெத்தனால் கலந்து கனத்தைக் குறைக்கிறார்கள். பருவம் முடிந்ததும் பழைய திரவத்தைத் தரையில் கொட்டாமல் கேனில் திரும்பக் கொண்டுவாருங்கள். விலங்குகள் குடித்துவிடும்.

கார்முகில் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே ஆறு இடங்களையும் முடித்துவிட்டேன். ஐந்தில் 97க்குக் குறையவில்லை. போன வருடம் அடைத்துக்கொண்ட அந்த மானியில் கழுவும் முன் 91, கழுவிய பின் 98. அச்சின் இரு முனையிலும் செம்மண் தூள் படிந்திருந்தது. மிச்சம் இரண்டுக்காகத் திருகைத் திருப்பவில்லை, சரிதானே? முன்பு பதிவானதையெல்லாம் 100/91 என்று பெருக்கிச் சரிசெய்துவிடலாமா?

நீரளவன் எழுதியது:

திருகைத் தொடாதது நல்லது. இப்படிச் செய்யும் சோதனையில் இரண்டு சாய்வு முன்னே பின்னே வரும். கழுவிய பிறகும் இரண்டு மூன்று முறை 95க்குக் கீழே வந்தால் மட்டும் திருப்புங்கள். திருகை உயர்த்தினால் குறைந்த தண்ணீரிலேயே வாளி சாயும், எண்ணிக்கை கூடும். இரு பக்கத்தையும் சமமாகத் திருப்ப வேண்டும்.

மொத்தமாகப் பெருக்காதீர்கள். அந்தத் தூள் ஒரே நாளில் படியவில்லை. ஒரு வரைபடத்தில், பக்கத்து மானியின் கூடிக்கொண்டே வரும் கூட்டுத்தொகையை ஓர் அச்சிலும் இதன் கூட்டுத்தொகையை மற்ற அச்சிலும் வைத்துக் கோடு வரையுங்கள். கோடு எங்கே வளைகிறதோ அங்கிருந்துதான் இது குறைத்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. அதன் பிறகு வந்த மதிப்புகளை மட்டும் தனிக் கோப்பில் சரிசெய்யுங்கள், மூலப் பதிவு அப்படியே இருக்கட்டும்.

புனல் அடைத்திருந்த அந்த நாட்களுக்கு எந்தப் பெருக்கமும் உதவாது. 41 என்பது மழையின் அளவல்ல, துளை வழியே கசிந்த அளவு. மழை விட்ட பிறகு பதிவான சாய்வுகளும் அப்படித்தான். அந்த நான்கு நாட்களையும் 'தரவு இல்லை' என்று குறித்துவிட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதி, நீங்கள் எடுத்த படத்தையும் இணைத்துவிடுங்கள்.