புதுப்பிப்பு: கொல்லைப்புற ஷவருக்கு வெந்நீர் வந்துவிட்டது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. மொட்டைமாடி சோலாரிலிருந்து கொல்லைப்புற பாத்ரூமுக்கு வெந்நீர் வருவதற்குள் அரை பக்கெட் பச்சைத்தண்ணீர் வீணாகிறது என்று மார்கழியில் புலம்பியிருந்தேன். பலரும் சூடு ஆறாமலிருக்கக் குழாய்க்கு உறை போடச் சொன்னீர்கள்.

போட்டேன். காலையில் முதலில் குளிக்கும் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் உறைக்குள்ளும் ஆறித்தான் போகிறது. அவர் வந்ததும் குளிக்கப் போகும் எனக்குத்தான் லாபம்!

சிக்கல் குழாயின் அகலத்தில் இருந்தது. 1 அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் மீட்டருக்கு 0.4 லிட்டருக்கு மேல் பிடிக்கும். எங்களுடையது 20 மீட்டர், ஆக 8 லிட்டருக்கு மேல் வெளியேறினால்தான் சூடு எட்டிப் பார்க்கும். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 0.12 லிட்டர்தான்.

"ஃபோர்ஸ் குறையும் சார்" என்று பிளம்பர் இழுத்தார். சரி, குறையட்டும் என்று மாற்றிவிட்டேன். குழாய் சுவருக்கு வெளியே ஓடுவதால் உடைப்பு வேலை இல்லை. ஃபோர்ஸ் குறைந்தது உண்மை, ஷவரில் தெரிகிறது. ஆனால் ஒன்றரை நிமிடக் காத்திருப்பு அரை நிமிடமாகிவிட்டது. அந்த இரண்டரை லிட்டர் பச்சைத்தண்ணீரையும் அம்மா பிடித்துக் கனகாம்பரத்துக்கு ஊற்றிவிடுகிறார்.